பிரேக் மிதித்தவள்

என் வீட்டுக்காரர் எதையாவது பழுதுபார்க்க உட்கார்ந்தால் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார். பனியனோடு நின்றால்தான் கைவேலை வரும் என்பது அவருடைய எண்ணம். அடுத்து, செல்போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து, முன்பின் தெரியாத ஒருவன் அதே வேலையைச் செய்கிற வீடியோவைப் போடுவார். மூன்றாவதாக அவருடைய அண்ணனுக்குப் போன் செய்து வரவழைப்பார். இந்த மூன்றும் நடந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியை மறுநாள் நான் ஆள் வைத்து முடித்துக்கொள்வேன்.

பதினான்கு வருடமாக எங்கள் வீடு அப்படித்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அவர் மிக்சியைப் பிரித்து மறுபடி பூட்டுவார். மிக்சி சுற்றும், ஆனால் வயர் கருகுகிற வாசம் வரும். திங்கட்கிழமை அவர் ஆபீஸ் கிளம்பியதும் நான் அதைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து, காயிலை மாற்றி, அவர் வருவதற்குள் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். ராத்திரி சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டபடி, "பாத்தியா, புதுசாட்டம் ஓடுது" என்பார். "ஆமாங்க" என்பேன். குளியலறைக் குழாய், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், ஹாலில் இருக்கிற ஃபேன், கேஸ் அடுப்பின் திருகு எல்லாமே இப்படி இரண்டு தடவை பழுதுபார்க்கப்பட்டவை. ஒரு தடவை அவர், ஒரு தடவை நான் கூப்பிட்ட ஆள்.

நேராகச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் மாட்டிய ஃபேன் கடகடவென்று ஆடியது. "இது தலமேல வுழுந்துரும் போலிருக்குதுங்க" என்று அவர் அண்ணன் எதிரிலேயே சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போதுகூட நிலைக்கதவைப் பார்த்து வாங்கினார். அந்த மூன்று நாளுக்கு, ஆள் வைத்துச் சத்தமில்லாமல் சரிசெய்வது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது. ஆனால் அது மட்டும் காரணமென்று சொன்னால் பொய். எனக்கு அது பிடித்திருந்தது. தன்னைப் பெரிய கைகாரர் என்று நினைத்துக்கொண்டு அவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதை ஓரமாக நின்று பார்த்து, மனசுக்குள்ளேயே சிரித்துக்கொள்வது எனக்குத் தினமும் கிடைத்த ஒரு சின்னத் தீனி.

நான் நர்ஸ். தருமபுரிக்கு வெளியே, மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டித்தான் எங்கள் வீடு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தடுப்பூசிப் பெட்டியோடு வத்தல்மலை ஊர்களுக்கு ஏறி இறங்க வேண்டும். அதற்காகத்தான் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அவருக்கு லைசென்ஸ் உண்டு, தைரியம்தான் கொஞ்சம் குறைவு. ஆபீசுக்குப் பைக்கிலேயே போய்விடுவார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது மட்டும் ஊர் எல்லை வரை நான் ஓட்டி, அங்கிருந்து மண்டபம் வரை அவர் ஓட்டுவார். பார்க்கிறவர்கள் அவரை ஸ்டீயரிங்கில் பார்க்க வேண்டுமாம்.

அந்தக் காரில்தான் ஒரு நாள் கோளாறு தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் எதிரே வேன் ஏறி வரவும், பிரேக்கை மிதித்து ஓரமாக நின்றேன். வண்டி நின்றது, ஆனால் மிதித்த காலுக்குக் கீழே பெடல் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பிடித்தது. மீதி வளைவுகளை முதல் கியரிலேயே இறங்கி, நேரே மெயின் ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். என் வீட்டுக்காரர் பழுதுபார்த்தவற்றை மறுபடி பழுதுபார்ப்பவர்களில் இவரும் ஒருவர். ஆகவே எங்கள் வீட்டு நிலவரம் அவருக்கு ஓரளவு தெரியும்.

அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். "ஆயிலு கொறையல மேடம். வெளிய எங்கியும் ஒழுவவும் இல்ல. அப்ப உள்ளாறதான். மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்க. பெடல மிதிச்சா ஆயில நாலு சக்கரத்துக்கும் தள்ளி வுடறது அதுதான். உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சா இப்படித்தான் எறங்கும். இத வெச்சிக்கிட்டு மலைக்குப் போவாதீங்க."

திங்கட்கிழமை வண்டியை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் வாய்தவறி விஷயத்தைச் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர் சிலிண்டரா? அது ரெண்டு நட்டு, ரெண்டு பைப்புதான. அதுக்குப் போயி மெக்கானிக்குகிட்ட வுடுவாங்களா? ஞாயித்துக்கெழம நானே மாத்திடறன்."

"பிரேக்குங்க. மிக்சி இல்ல."

"மிக்சிய நான் சரியா பண்ணலியா?"

பதினான்கு வருடத்துத் திங்கட்கிழமைகள் என் வாயை அடைத்தன. "பண்ணீங்க" என்றேன். அன்று சாயந்திரமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது சிலிண்டரையும் இரண்டு டப்பா பிரேக் ஆயிலையும் வாங்கி வந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். சிலிண்டருக்குக் குங்குமம்கூட வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு முடித்து, இரண்டு மணிக்குச் சட்டை ஜன்னல் கம்பிக்குப் போனது. அவருடைய அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உரக்கடை வைத்திருக்கிறார். வாஸ்து பார்ப்பதில் அவருக்கு இருக்கிற ஆர்வம் உரத்தில் கிடையாது. வாஸ்துப்படி தன் வீட்டுக் கழிப்பறையை மூன்று தடவை இடித்து இடம் மாற்றிக் கட்டியவர். இப்போது அவர் வீட்டில் அவசரம் என்றால் கொல்லைக் கதவைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மாட்டுக் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்டவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் திசைகாட்டி இருக்கும்.

அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வழக்கமாக நான் காரைப் பின்னால் எடுத்து, மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்துவேன். காலையில் கிளம்பச் சுலபம். எங்கள் வாசல் பாறை மேல் இருப்பதால் தெருப்பக்கம், அதாவது மேற்கே, சரிவாக இறங்கும்.

"மேக்கப் பாத்து நிக்குதுடா வண்டி" என்றார் அண்ணன், ஏதோ பாம்பைப் பார்த்தவர் மாதிரி. "சூரியன் வுழுவுற தெச. இதப் பாத்து நிக்கற வண்டியில புதுப்பொருளப் பூட்டினா நிக்குமா? திருப்பு, கெழக்கப் பாத்து நிறுத்து. நாலரைக்கு ராகு காலம் வருது, அதுக்குள்ள பூட்டிப்புடணும்."

பிரேக் சரியில்லாத காரைத் திருப்பி, மேட்டில் மூக்கை ஏற்றி நிறுத்துகிற வேலை யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. நான்தான் ஏறி உட்கார்ந்து திருப்பி நிறுத்தினேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் எட்ட நின்று "வா, வா, இன்னும் வா" என்று கை ஆட்டினார்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். கார் கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு ஆரம்பமானது கூத்து. பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்க என் வீட்டுக்காரர் என்னிடம் ஊசி கேட்டார். பெரிய சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்தேன். அதை அவர் பிடித்த பிடியைப் பார்த்தால் எங்கள் ஊர்க் குழந்தைகள் யாரும் தடுப்பூசிக்கே வரமாட்டார்கள். பாதி ஆயில் சிரிஞ்சில், பாதி கார் மேல். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும் என்று வீடியோக்காரன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிந்தியது. "தண்ணி ஊத்துங்க" என்று நான் சொன்னதற்கு, "வேலைக்காரன் கைன்னா சிந்தத்தான் செய்யும்" என்று அண்ணன் தம்பிக்கு வக்காலத்து வாங்கினார். பானெட் ஓரத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் சுருங்கி எழும்பிவிட்டது.

பைப் நட்டைக் கழற்றப் பொருத்தமான ஸ்பேனர் இல்லை. இருந்த ஸ்பேனரை மாட்டித் திருகியதில் ஒரு நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. அதன் பிறகு கட்டிங் பிளேயரால் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் இரண்டு தலைகள் முளைத்தன. அந்தத் தலைகளுக்கும் கருத்து இருந்தது. "தேங்கா எண்ண வுட்டுப் பாருங்க." "சூடு காட்டினா கழலும்." பிரேக் ஆயில் இருக்கிற இடத்தில் நெருப்பைக் காட்டச் சொல்கிற மனிதருக்கும் ஓட்டுரிமை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நான் திரும்பி வந்தபோது பழைய சிலிண்டர் வெளியே வந்துவிட்டது. செங்கல் மேல் இருந்த போனில், வீடியோக்காரன் புது சிலிண்டரை ஒரு பட்டறைப் பிடியில் இறுக்கி, அதில் ஆயில் ஊற்றி, பின்பக்கம் கம்பியால் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். ஆயிலில் குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நிற்கிறவரை குத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் காரில் பூட்ட வேண்டும் என்று சொன்னான்.

"இவனுக்கு ஏது ராகு காலம்?" என்றார் அண்ணன். "மணி நாலேகால் ஆவுது. நீ பூட்டுடா. காத்து இருந்தா சக்கரத்துல தொறந்து வுட்டாப் போவுது."

என் வீட்டுக்காரர் போன் திரையில் விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வீடியோக்காரன் குத்துகிற காட்சி ஓடி மறைந்து, அவன் நட்டை முடுக்கும் இடம் வந்தது. நாலரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சிலிண்டர் பூட்டப்பட்டது. அண்ணன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்து என் முறை. சக்கரங்களில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து உள்ளே இருக்கிற காற்றை வெளியே விட வேண்டும். அதற்கு ஒருவர் சக்கரத்தடியில், ஒருவர் பெடலில். கீழே படுத்திருப்பவர் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் திருகைத் திறக்க, காற்றும் ஆயிலும் குழாய் வழியே பாட்டிலுக்குள் போகும். மூடிவிட்டு "வுடு" என்பார், காலை எடுக்க வேண்டும். குழாய் எது என்று பார்த்தால், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய். எப்போதோ நான் கொண்டுவந்து வைத்திருந்த புதுசு, என்னைக் கேட்காமலே வெட்டியிருந்தார்.

"மிதி." "புடி." "வுடு." ஒரு மணி நேரம் இதுதான். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அண்ணன் ஆயில் டப்பாவோடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயில் முதலில் நிறையக் குமிழ்கள் வந்தன, பிறகு குறைந்தன, பிறகு நின்றுவிட்டன. நாலு சக்கரத்திலும் அப்படியே. ஆனால் என் காலுக்கு அடியில் பெடல் மாறவில்லை. முதல் மிதிக்கு ஈரத் துணி மூட்டையை மிதிப்பதுபோல் பாதாளம் வரை போனது. சட்டென்று இரண்டாவது தடவை மிதித்தால் மட்டும் கொஞ்சம் இறுகியது.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் போடும்போது குழாயில் இருக்கிற காற்றை முழுக்க வெளியேற்றாமல் ஊசியை மாட்டமாட்டோம். இருபது வருடமாகக் குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழைத் துரத்துகிற வேலை என்னுடையது. குமிழ் எங்கே ஒளியும் என்பது எனக்குத் தெரியும். மேடான இடத்தில்தான் போய் உட்காரும். உள்ளே எங்கோ காற்று இருக்கிறது, அது இந்தக் குழாய் வழியாக வராது என்று என் கால் எனக்குச் சொன்னது.

என் வீட்டுக்காரர் சக்கரத்தடியிலிருந்து எழுந்து வந்து ஜன்னல் பக்கம் நின்றார். கன்னத்தில் கரி, பனியன் முழுக்க ஆயில். பின்னால் அண்ணன். சுவர் மேல் அந்த இரண்டு தலைகள்.

"எப்பிடி இருக்குது?"

நான் ஒரு தடவை மிதித்தேன். உள்ளே போனது. மறுபடி மிதித்தேன். இறுகியது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. உள்ளே என் யூனிஃபார்மும் மகளின் பள்ளி யூனிஃபார்மும் இஸ்திரி போடாமல் கிடந்தன. இவர்களிடம் உண்மையைச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் மிதி, புடி, வுடு. சொல்லி என்ன ஆகப் போகிறது? இவர்கள் என்ன புரிந்துகொள்ளப் போகிறார்கள்? நாளைக்கு எப்படியும் ஆள் வரத்தான் போகிறார்.

"கெட்டியாத்தாங்க இருக்குது" என்றேன்.

"நெசமாவா?"

"நான்தான மிதிக்கிறன்? கெட்டியா இருக்குது."

அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, எப்போதும்போல் உள்ளுக்குள் நானும் சிரித்துக்கொண்டேன். காரைவிட்டு இறங்கிச் சமையலறைக்குப் போய், மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப் போட்டேன். பெடல் பஞ்சு மாதிரி போகிறது, உள்ளே காற்று இருக்கிறது, வண்டியை எடுக்க முடியாது, நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாங்க. பத்து மணிக்கு மேல் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அண்ணன் காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ராகு காலம் முடிஞ்சதும் ஒரு ரவுண்டு போயிட்டு வாடா" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டு, கடையைத் திறக்கணும் என்று பைக்கில் ஏறிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்து நான் பார்த்ததில்லை. அவர் சொன்ன ரவுண்டை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரராவது, தானாகக் காரை எடுப்பதாவது.

ஆறு மணி சுமாருக்கு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காரைப் பின்னாலேயே தெருவுக்கு இறக்கினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருவில் திரும்பி நின்றதும் அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், இறங்கியிருப்பார். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது இதுதான்: போகட்டும். தெருமுனைக்குப் போவதற்குள் பெடல் உள்ளே போகும், அப்போது தெரியும் தன் வேலையின் லட்சணம். எத்தனை வருடம்தான் நான் மூடி மறைப்பது? ஒரு தடவையாவது அலறிக்கொண்டு திரும்பி வரட்டும். இதை நினைத்துக்கொண்டு நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். பிறகு போர்வையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மடிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் தெரு இறக்கமாகப் போய் மெயின் ரோட்டில் சேரும். அங்கே பஸ்ஸும் லாரியும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் இரண்டாவது மடிப்பு மடிக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கிற ஹாரன் இல்லை, அமுக்கிய கையை எடுக்காத ஹாரன். அதற்குப் பின்னால் ஒரு மொத்தல் சத்தம். பிறகு ஆட்கள் ஓடினார்கள்.

செருப்பில்லாமல் ஓடினேன். தெரு முனையில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எம்-சாண்ட் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் கார் பானெட் வரை புதைந்து நின்றது. பஸ் நிற்காமல் போயே விட்டது. என் வீட்டுக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள். பதினொரு வயது. பனியனைக் கழற்றி அவள் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தார். அந்த ஆயில் பனியன் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

அவள் காரில் இருந்தது எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து பார்த்தபோது அந்தப் பக்கத்துச் சீட் தெரியவில்லை. "அம்மா, ஒண்ணுமில்லம்மா, அழுவாதம்மா" என்றாள். நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபது வருடம் எத்தனையோ ரத்தம் பார்த்தவள். அந்தப் பனியனை விலக்கிக் காயத்தைப் பார்க்க என் கை வரவில்லை.

புருவத்துக்கு மேல் நாலு தையல். வேறு அடி இல்லை. தையல் போட்டு முடித்து, ஊசி மருந்துக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரோ கொடுத்த துண்டை அவர் மேலே போர்த்தியிருந்தார். நான் அவர் மேல் பாய்வதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ராகு காலம், கிழக்கு, வீடியோ, எல்லாவற்றையும் எடுத்து அவர் தலையில் கொட்ட வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நட்டு மழுங்கனப்பவே எனக்கு பயம்தான். அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நான் எல்லாத்தையும் அவசரமாத்தான் பண்ணன். அண்ணன நம்பல, அந்த வீடியோவயும் நம்பல. அதனாலதான் உன்னக் கேட்டன். ரெண்டு தடவ கேட்டன். மலையில தெனம் மிதிக்கிற காலு. உனக்குத் தெரியாத பிரேக்கா? நீ கெட்டின்னு சொன்னதாலதான் பாப்பாவ ஏத்தனன். இல்லாட்டி தொட்டிருப்பனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சில நேரம் அப்பிடித்தாங்க, ஓட்டும்போதுதான் தெரியும்" என்று முணுமுணுத்தேன். அவர் அதையும் நம்பித் தலையாட்டினார்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டார். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று மெக்கானிக்குக்குச் சொல்ல எனக்கு நினைவே வரவில்லை. பத்தே காலுக்கு அவர் வந்து நின்றார். வழக்கமாக வீட்டில் இல்லாத மனிதரை வாசலில் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். இவரோ, "நல்லவேள வந்தீங்க, வாங்க" என்று காரைக் காட்டினார். முந்தின நாள் சாயந்திரமே ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டுவந்து, சரிவில் மூக்கு தெருவைப் பார்க்கும்படி விட்டிருந்தார்கள்.

மெக்கானிக் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். சிலிண்டரில் பைப் சேருகிற இடத்தைக் கொஞ்சம் தளர்த்தி, என் வீட்டுக்காரரையே பெடலில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். புஸ்ஸென்று காற்று போனது. "மேட்டுல மூக்கத் தூக்கி நிறுத்தி மாத்தியிருக்கீங்க. சிலிண்டருக்கு முன்பக்கம் மேல போயிருச்சு. காத்து அங்கியே தங்கிக்கிச்சு. இப்பிடி எறக்கத்துல நிறுத்தியிருந்தா பாதித் தொல்ல கெடையாது" என்று கையைத் துடைத்தார். கழிப்பறையை மூன்று தடவை மாற்றிக் கட்டிய மனிதரை நினைத்தேன். எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை.

அத்தோடு அவர் போயிருக்கலாம். நல்ல மனிதர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"மேடம் நேத்தே கரெக்டா சொல்லிட்டாங்க சார். உள்ள காத்து இருக்குது, வண்டிய எடுக்க முடியாதுன்னு மெசேஜ் போட்டாங்க. ஞாயித்துக்கெழமைன்னு பாக்காம நான் அப்பவே வந்திருக்கணும்."

"எப்ப போட்டாங்க?"

மெக்கானிக் போனை எடுத்துப் பார்த்தார். "அஞ்சு அம்பதுக்குங்க."

என் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கினார். மெக்கானிக்குக்கு உண்டானதைக் கொடுத்து, வாசல் வரை போய் அனுப்பிவைத்தார். திரும்பி வந்து கார்க் கதவைச் சத்தமில்லாமல் மூடினார். மூன்று நாள் பேச்சில்லாமல் இருக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேசினார்.

"மிக்சி?"

"காயிலு மாத்தினங்க."

"மோட்டார்?"

"ஆள வெச்சி."

"எல்லாமேவா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கமான இடம், நின்று சமாளித்திருப்பேன். பதினான்கு வருடமாக நான் ஓரமாக நின்று சிரித்த மனிதர், என்னிடம் எதையோ புரிந்துகொள்ள முயல்கிறவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரைப் பார்த்து இத்தனை வருடம் இளக்காரமாகச் சிரித்தேனோ, அவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு என்னை நினைத்தே கேவலமாக இருந்தது.

"நேத்து நான் தெருவுல நின்னு கை ஆட்டனப்ப, நீ மேல இருந்து பாத்த."

"பாத்தங்க."

"நீயும் கைய ஆட்டன."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "பாப்பா உள்ள இருந்தது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது" என்றேன்.

அவர் மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இருந்தது தெரியுமில்ல?" என்று கேட்டார்.